திரையில் இரு முத்தங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே சலனப்படம் பிறந்தது. அது நடைபழகத் தொடங்கிய அந்நாளிலேயே, திரையிற் காட்டத்தக்கது எது, தகாதது எது என்னும் வழக்கும் உடன் எழுந்தது. அவ்வழக்கிற்கு வித்திட்டது ஒரு முத்தம்.

1895ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே ‘விதவை ஜோன்ஸ்’ என்னும் நகைச்சுவை நாடகம் மேடையேறியது. அதில் மே இர்வின் என்னும் நடிகையும் ஜோன் றைஸ் என்னும் நடிகரும் முத்தமிடும் காட்சியைக் கண்டு அவையோர் நகைத்து மகிழ்ந்தனர். நகரத்துப் பத்திரிகையான ‘நியூயோர்க் வேள்ட்’ அக்காட்சியைப் படமாக்க முனைந்தது. 1896 ஏப்பிரிலில் தோமஸ் எடிசனின் நிறுவனத்தார் அதனைப் படம்பிடித்தனர். படம் ஓடிய நேரம் ஏறத்தாழ 20 விநாடியே. இருவரும் கன்னத்தோடு கன்னம் சேர்த்து ஏதோ உரையாடுவர். பின்னர் றைஸ் தமது மீசையை நீவிவிட்டு முத்தமிடுவார். கதை அவ்வளவே.

மக்கள் அதனை விரும்பிக் கண்டனர். ஆயினும் சிக்காகோவில் வெளிவந்த ‘சாப்-புக்’ என்னும் இலக்கிய இதழ் சினந்து எழுதியது. இயல்பான அளவிலே காண்பதற்கே ஒவ்வாத காட்சியைப் பேருருவாக்கி, மீண்டும் மீண்டும் காட்டுவது அருவருப்பானதென்றும், காவற்றுறையினர் தலையிடவேண்டுமென்றும் அது கூறிற்று. மேடையிலே தொலைவில் நின்று நடித்தோரின் முகங்கள் திரையிலே பெரிதாகிக் கண்முன் வந்து நின்றன. செயல் மாறவில்லை; காண்போருக்கும் அதற்குமிடையே இருந்த தூரமே மாறியது. சலனப்படத்தின் ஆற்றலும் அதன்மீது எழுந்த அச்சமும் ஒருங்கே வெளிப்பட்ட இடம் இதுவாகும்.

ஈராண்டு கழித்து, 1898இல், சிக்காகோவிலே வில்லியம் செலிக் என்பார் மற்றொரு முத்தத்தைப் படமாக்கினார். அதிலே தோன்றியோர் செயின்ற் சட்டில், கேர்ற்றி பிறவுண் என்னும் ஆபிரிக்க அமெரிக்க மேடைக் கலைஞர். முகத்திலே கரிபூசிய வெள்ளையர் கறுப்பின மக்களை எள்ளி நகைத்து நடித்த கூத்துக்கள் மலிந்திருந்த காலம் அது. இவ்விருவரோ கைகோத்து அசைந்தும், சிரித்தும், விலகியும், மறுபடி அணைந்தும் முத்தமிட்டனர். முந்திய படத்தைப் பின்பற்றியே எடுக்கப்பட்டதாயினும், கேலிச்சித்திரமாகவே காட்டப்பட்டு வந்த ஒரு மக்கட் கூட்டத்தார் அன்பும் நாணமும் களிப்பும் உடைய மனிதராக அதிலே தோன்றினர்.

ஆனால் அப்படம் நூறாண்டுக்கு மேலாக மறக்கப்பட்டுக் கிடந்தது. தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் படக்காப்பாளர் டினோ எவரெட்டின் கையிற் பழைய படச்சுருளொன்று கிடைத்தது. சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியை அலிசன் நாடியா பீல்ட் அதனை ஆராய்ந்து, படம் இன்னதென்றும் நடித்தோர் இன்னாரென்றும் தெளிந்தார். 2018ஆம் ஆண்டிலே அது அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. இர்வினும் றைஸும் நடித்த படமோ 1999இலேயே அவ்விடத்தைப் பெற்றிருந்தது.

முதல் முத்தத்தைப் பழித்தோர் பலர்; அப்பழியே அதற்கு நிலைத்த பெயரைத் தேடிக்கொடுத்தது. இரண்டாவது முத்தத்தையோ வரலாறு பழிக்கவுமில்லை, புகழவுமில்லை, மறந்தே போயிற்று. ஒரு மக்கட் கூட்டத்தின் மகிழ்ச்சியை மறந்துவிடுவது, அவர்களை இகழ்வதினும் சிறிய குற்றமன்று. பேணுவாரற்றுக் கிடந்த ஒரு படச்சுருள் இந்த உண்மையை உணர்த்த நூற்றிருபது ஆண்டு காத்திருந்தது.