சைரனும் பாட்டி கதையும்



வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள் நம் பெரியோர். ஆழிப்பேரலைக்கு அணை போட முடியாது. மேட்டுக்கு ஓடத்தான் முடியும். எப்போது ஓடுவது? இதற்கு இரண்டு தீவுகளின் வரலாறு பதில் சொல்கின்றது.

1946 ஏப்ரல் 1ஆம் நாள். அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளருகே கடலடி நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய 5 மணி நேரத்தில் அலைகள் ஹவாய்த் தீவுகளை அடைந்தன. முன்கூட்டிச் சொல்ல அன்று எந்த ஏற்பாடும் கிடையாது. லவுபாஹோஹோ என்ற கரும்புத் தோட்ட வட்டாரத்துப் பள்ளி கடலோரத்தில் இருந்தது. கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். மாணவரும் ஆசிரியருமாக 20 பேருக்கு மேல் மாண்டனர். ஹவாயில் மொத்தம் 159 பேர் இறந்தனர்.

அதன் பிறகே, 1949இல், அங்கு எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. சரி, இனிப் பயமில்லை என்றுதானே நினைப்போம்? 1960 மே 22இல் சிலி நாட்டில் மாபெரும் நிலநடுக்கம். அலை ஹவாய் வந்து சேரச் சுமார் 15 மணி நேரம் இருந்தது. ஹீலோ நகரில் இரவு எட்டரைக்கே சைரன் ஊதிவிட்டார்கள். ஆனால் சைரன் முறையைச் சமீபத்தில்தான் மாற்றியிருந்தார்கள். அது பலருக்குப் புரியவில்லை. "இன்னொரு தடவை ஊதட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிட்டவர்கள் உண்டு. அலையைப் பார்க்கவே போனவர்களும் உண்டு! நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் பேரலை வந்தது. 61 உயிர்கள் போயின.

இனி, சுமாத்ராவுக்கு மேற்கே உள்ள சிமெலூ தீவைப் பாருங்கள். 1907இல் அங்கே பேரலை பலரைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் அதற்கு "ஸ்மோங்" என்று பெயரிட்டு, பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தனர். பூமி பலமாக ஆடி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு! அவ்வளவுதான் பாடம். 2004 டிசம்பர் 26இல் பூமி ஆடியது. சைரன் இல்லை, பத்து நிமிடம்கூட அவகாசமில்லை. "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று கத்திக்கொண்டு ஊரே மேட்டுக்கு ஓடியது. சுமார் 78,000 பேரில் இறந்தவர் 7 பேர்தாம். அதே நாளில், கதை தெரியாத நம் மலேசியக் கரைகளில் 68 பேரை இழந்தோம்.

இன்று நம் கடலோரங்களிலும் சைரன்கள் நிற்கின்றன. நல்லதே. ஆனால் அது ஊதினால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியருமே. மாணவர்களே, இன்றிரவு இந்தக் கதையைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள்!