சமயக் கல்வியும் தலப்பயணமும்: தென்காசிக் கல்வெட்டை முன்வைத்து

தலங்களை நேரிற் கண்டு அறிதல் தமிழர் சமயக் கல்வியின் தொன்மையான கூறு ஆகும். திருஞானசம்பந்தர் ஊர்தோறும் நடந்து பாடினார்; திருக்குற்றாலத்திற்கு ஒன்றும் திருக்குறும்பலாவிற்கு ஒன்றுமாக இரு பதிகங்கள் அருளினார். தேவாரம் தலமுறையாகவும் தொகுக்கப்பெற்றமை ஈண்டு நினையத்தக்கது.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு, முழுதும் அரசு நிதியால் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமய போதனையை விலக்கியது. 1964–66-இல் ஆராய்ந்த கோத்தாரிக் குழு, சமயத்தைப் போதித்தல் வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் வேறு எனப் பகுத்துப் பின்னதை ஏற்றது. இவ்வேறுபாட்டை ஆசிரியர் செயலிற் காப்பது எங்ஙனம்? அதற்குத் தலப்பயணம் வழிகாட்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அச்சன்புதூர் மாணவர்க்கு இதற்குரிய இடங்கள் அண்மையிலேயே உள. பண்பொழியில் திருமலை முருகன் கோயிலும், குற்றாலத்தில் சுவரோவியங்கள் நிறைந்த சித்திரசபையும், பொட்டல்புதூரில் கோயிற் கட்டடக்கலையின் சாயலோடு எழுந்து இரு சமயத்தாரும் நாடிவரும் பள்ளிவாசலும் காணலாம். இவற்றுள் தென்காசி விசுவநாதர் கோயில் தனிச்சிறப்புடையது.

அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-இல் இக்கோயில் திருப்பணியைத் தொடங்கினான். அவன் பெயரால் கல்லிற் பொறிக்கப்பெற்ற தமிழ்ப்பாடல்களுள் ஒன்று நம் கருத்தை ஈர்க்கின்றது. பிற்காலத்தே இவ்வாலயத்திற்குக் குறை நேரின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைப் பணிவதாக அரசன் அதிற் கூறுகின்றான். முடிவேந்தன் ஒருவன் இன்னும் பிறவாத மாந்தரை வணங்குகின்றான். அவன் அஞ்சிய குறை பின்னாளில் வந்தே விட்டது. இராசகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது.

இப்பாடலை அச்சேட்டிற் படிக்கும் மாணவன் பொருளை அறிவான். எழுந்த கோபுரத்தை நிமிர்ந்து நோக்கிப் படிப்பவனோ அவ்வேண்டுகோள் நிறைவேறியதையும் காண்பான். அதற்குச் சமய நம்பிக்கை முன்தேவை அன்று, தமிழறிவே போதும். எச்சமயத்து மாணவனும் பிறர் போற்றுவது யாது, ஏன் என வினவ அங்கு இடமுண்டு.

எனினும் இரண்டினைக் கருதுதல் வேண்டும். எவர் எவ்வெல்லை வரை செல்லலாம் என்பதை முன்னரே அறிதல் ஒன்று. எம்மாணவனையும் வழிபாட்டிற்கு வற்புறுத்தாமை மற்றொன்று. இவை வழுவின் கல்வி போதனையாகிவிடும். ஆயத்தமின்றிச் சென்றாலோ அருவியில் நீராடித் திரும்பும் உலாவாகவே முடியும்.

தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் திருப்பணிக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சும் மணல்வீச்சும் கல்லெழுத்துகளை மறைத்தும் தேய்த்தும் உள்ளன. கல்லெழுத்தைப் படிக்கப் பழகிய மாணவன் அதன் அழிவைக் கண்டு வாளா இரான். பாண்டியன் பணிந்த காவலருள் அவனும் ஒருவன் எனல் மிகையாகாது.