செவ்வாய்க்கோளில் ஒரு குடியேற்ற வழக்கு: போக்தானோவின் ‘சிவப்பு நட்சத்திரம்’

விண்வெளிக் குடியேற்றத்தைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் ஐரோப்பிய மொழிகளில் தோன்றி வளர்ந்த காலமும், ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. 1877ஆம் ஆண்டில் இத்தாலிய வானியலார் ஸ்கியாபரெல்லி செவ்வாயின் மேற்பரப்பில் கோடுகளைக் கண்டதாக அறிவித்தார். அமெரிக்கரான லோவல் 1895இல் வெளியிட்ட நூலில் அவற்றைச் செவ்வாய் மக்கள் வெட்டிய கால்வாய்கள் என விளக்கினார். வானியல் பின்னர் இக்கருத்தைக் கைவிட்டது. ஆயினும் அதற்குள் இலக்கியம் அதனைப் பற்றிக்கொண்டுவிட்டது.

1897இல் ஜெர்மன் மொழியில் குர்த் லாஸ்விட்ஸ் எழுதிய ‘இரு கோள்கள்’ நாவலில், அறிவிலும் அறத்திலும் மேம்பட்ட செவ்வாய் மக்கள் பூமிக்கு வருகின்றனர். ஐரோப்பாவைத் தம் பாதுகாப்பு ஆட்சிக்குள் கொண்டுவந்து, அதன் மக்களைத் திருத்த முற்படுகின்றனர். திருத்த வந்தவர்கள் நாளடைவில் ஆளவந்தார் ஆகின்றனர். அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்த எச்.ஜி. வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ நாவலிலோ இத்தகைய பூச்சு எதுவுமில்லை. அங்கு நிகழ்வது நேரடியான அழிப்பே. தாஸ்மேனியத் தொல்குடிகளுக்கு ஐரோப்பியர் இழைத்த கொடுமையை அதன் தொடக்கத்திலேயே வெல்ஸ் நினைவூட்டுவது கருதத்தக்கது.

வெல்ஸின் நாவலில் குடியேற வருவோர் என்ன செய்கின்றனர் என்பதைப் பூமியினின்றே காண்கிறோம். அவர்கள் தமக்குள் அதுபற்றி எவ்வாறு வாதிட்டிருப்பர் என்பதை விரிவாகக் காட்டியது 1908இல் ரஷ்ய மொழியில் வெளிவந்த ‘சிவப்பு நட்சத்திரம்’ ஆகும். அதன் ஆசிரியர் அலெக்சாந்தர் போக்தானோவ் (1873-1928) மருத்துவர். தத்துவ நூல்கள் எழுதியவர். போல்ஷெவிக் பிரிவின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக விளங்கி, லெனினுடன் முரண்பட்டு 1909இல் அப்பிரிவினின்று விலக்கப்பட்டவர்.

1905ஆம் ஆண்டுப் புரட்சியில் ஈடுபட்டிருந்த லியோனித் என்னும் இளைஞனை, மாறுவேடத்தில் பூமியில் வாழ்ந்த மென்னி என்னும் செவ்வாய்வாசி தன் உலகுக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே பணம் இல்லை. கட்டாய உழைப்பும் இல்லை. எத்தொழிலில் எத்தனை மணிநேர உழைப்புக் குறைகிறது, எதில் மிகுகிறது என்பதைப் பலகைகள் காட்டிக்கொண்டிருக்கும். மக்கள் அதைக் கண்டு தாமே இடம் மாறிக்கொள்வர். எதிர்காலச் சமுதாயத்தைப் புனைந்த ஏனைய நூல்களைப் போலவே இந்நூலின் இப்பகுதிகளும் சற்று அலுப்பூட்டுவன என்பதை மறைப்பதற்கில்லை.

மொழியியலாருக்குச் சுவையூட்டும் செய்தி ஒன்று உண்டு. செவ்வாயின் மொழியில் ஆண்பால், பெண்பால் என்னும் பாகுபாடு இல்லை. ஆனால் பொருட்பெயர்கள் காலம் காட்டும். இருந்த வீடு, இருக்கும் வீடு, இனி எழவிருக்கும் வீடு ஆகியவற்றைப் பெயரின் உருவமே வேறுபடுத்திவிடும். தொழிற்பண்பு ஒட்டியவை தவிர ஏனைய பெயர்கள் காலம் காட்டா என்பது தொல்காப்பியர் கருத்து. நம் வினையாலணையும் பெயருக்கு மட்டும் உரிய இயல்பைப் போக்தானோவ் எல்லாப் பெயர்களுக்கும் விரித்துவிட்டார் எனலாம். மருத்துவராகிய நெத்தி பெண் என்பதை லியோனித் நெடுநாள் அறியாதிருப்பதும் இம்மொழி அமைப்போடு இயைந்ததே. ரஷ்ய மொழியின் இறந்தகால வினை ஒருமையில் பால் காட்டுவதால், ஆசிரியர் அதுவரை ஆண்பாலிலேயே எழுத வேண்டியதாயிற்று. தமிழில் பெயர்ப்போர் ‘அவர்’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு இவ்விடரைக் கடந்துவிடலாம்.

நாவலின் உயிர்நிலை அதன் பிற்பகுதியில் உள்ளது. செவ்வாயின் வளங்கள் வற்றி வருகின்றன, மக்கள்தொகையோ பெருகுகிறது. பிறப்பைக் கட்டுப்படுத்துவதைத் தோல்வி என அச்சமுதாயம் கருதுகிறது. எனவே பூமியிலோ வெள்ளியிலோ குடியேற வேண்டும். வெள்ளி வெம்மையும் கொடிய உயிரினங்களும் நிறைந்ததாக வருணிக்கப்படுகிறது. பூமியே ஏற்றது என்கிறான் ஸ்டெர்னி. ஆனால் பூமியின் மக்கள் தம் நிலத்தை விட்டுத்தரமாட்டார்கள். முடிவற்ற போர் மூளும். பொதுவுடைமையாளரும் நாட்டுப்பற்றிலிருந்து விடுபடார். ஆதலால் மனிதகுலம் முழுவதையும் வலியின்றி அழித்துவிடுவதே இரக்கமான வழி என அவன் முடிக்கிறான். அவன் பேச்சில் சினமோ வெறுப்போ சிறிதும் இல்லை. கணக்கு மட்டுமே உண்டு. சுரண்டலை ஒழித்த சமுதாயத்திலும் இக்கணக்குப் பிறக்கக்கூடும் எனத் தம் கட்சியினருக்காக எழுதிய நூலிலேயே காட்டியதற்குத் துணிவு வேண்டும்.

நெத்தி அதனை மறுக்கிறாள். பூமியின் வாழ்வு தாழ்ந்ததாகவே இருக்கலாம். எனினும் அது வேறானது. அவ்வேறுபாடு ஒருமுறை அழிந்தால் மீண்டும் கிடைக்காது. பிறர் உயிரைப் பறிப்பதினும் நம் உயிரைப் பணயம் வைத்து வெள்ளிக்குச் செல்வதே தக்கது என்கிறாள். அவை அவள் பக்கம் சாய்கிறது. இவ்வாதத்தின் பதிவைப் பின்னர் கேட்க நேர்ந்த லியோனித், மனம் பேதலித்து ஸ்டெர்னியைக் கொன்றுவிடுகிறான். பூமியின் மக்கள் வன்முறையாளர் என்ற ஸ்டெர்னியின் கூற்றுக்கு அவனே சான்றாகிவிடுகிறான். இம்முரணை ஆசிரியர் விளக்க முற்படாது விட்டதே நன்று.

போக்தானோவ் 1913இல் ‘பொறியாளர் மென்னி’ என்னும் நாவலில் செவ்வாயின் முற்கால வரலாற்றை எழுதினார். ஆயினும் முதல் நாவலின் ஒரு கூறே அவர் வாழ்வைத் தொடர்ந்து வந்தது. செவ்வாய் மக்கள் ஒருவர்க்கொருவர் குருதி மாற்றிக்கொண்டு இளமையை நீட்டிப்பதாக அதில் எழுதியிருந்தார். 1926இல் மாஸ்கோவில் குருதி ஏற்றலுக்கென ஓர் ஆய்வு நிறுவனம் அவர் தலைமையில் அமைந்தது. அங்கு அவர் தம் உடலிலேயே சோதனைகளை நடத்தினார். 1928இல் காசநோயுற்றிருந்த மாணவர் ஒருவருடன் குருதி மாற்றிக்கொண்டதன் விளைவாக ஏப்ரல் 7ஆம் நாள் இறந்தார். அம்மாணவர் பிழைத்துக்கொண்டார்.