புள்ளியில்லா ஓலையும் ஒலிவழி வாசிப்பும்

பாலர் வகுப்புகளில் ‘ஃபோனிக்ஸ்’ எனப்படும் ஒலிவழிக் கற்பித்தலைத் தமிழுக்கும் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு இன்று அடிக்கடி எழுகிறது. எழுத்தின் ஒலியை அறிந்து, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்குவதே அம்முறையின் சாரம். நம் முன்னோர் ஏன் மனனத்தையே நம்பினர் என்று வினவுவோர் பழைய ஓலைச்சுவடி ஒன்றைப் படித்துப் பார்த்தல் நன்று.

மெய்யும் எகர ஒகரமும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆயினும் பிற்காலச் சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ஓலை கிழியும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். விளைவாக, ‘உயர்’ என்பதும் ‘உயர’ என்பதும் ஒரே வடிவில் நின்றன. வயலைக் குறிக்கும் செறுவும் சேறும் வேறுபடவில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றாக இருந்தமையால் ‘காடு’ என்பதைக் ‘கரடு’ என்றும் படிக்கலாம். சொல் முன்பே தெரிந்திருந்தால்தான் எழுத்தைச் சரியாக ஒலிக்க இயலும். மணலில் விரலால் எழுதிய திண்ணைப் பள்ளிச் சிறுவன் ஆத்திசூடியைச் செவிவழியே பாடமாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று இகழ்தல் முறையன்று. அகரத்துக்கு ‘ஆனா’ என்று பெயரிட்டுக் குறிலை நெடிலாக்கிய வழக்கை மட்டும் என்னால் ஆதரிக்க இயலவில்லை. நானும் அப்படித்தான் கற்றேன்!

ஏகார நெடிலுக்கு இரட்டைக்கொம்பு தந்த பெருமை வீரமாமுனிவருக்கு (1680–1747) உரியது என்பர். அச்சு பரவியபின் புள்ளி நிலைபெற்றது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் தனிவடிவங்களை நீக்கியது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் அதனை ஏற்றன. ஒலிவழி வாசிப்புக்கு இசைந்த எழுத்து இவ்வாறு படிப்படியாகவே நமக்கு வாய்த்தது.

எனினும் ஆங்கில முறையை அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது. ‘க்’ என்பதைத் தனியே ஒலித்து அகரத்தைச் சேர்ப்பதினும், ‘க’ என்னும் உயிர்மெய்யையே அலகாகக் கொள்வது குழந்தைக்கு எளிது. அக்ககரமும் கடலில் ஒருவிதமாகவும் தங்கத்தில் வேறுவிதமாகவும் பகலில் மற்றொருவிதமாகவும் ஒலிக்கிறது. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் குழந்தைக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலமே புழங்கும் வீட்டுக் குழந்தையோ கடலின் ககரத்தையே தங்கத்திலும் பகலிலும் ஒலிக்கிறது. அக்குழந்தைக்கு எழுத்தட்டையைக் காட்டுவதற்கு முன், அச்சொற்களை ஆசிரியர் பலமுறை வாயால் சொல்லிக் கேட்கச் செய்ய வேண்டியிருக்கிறது.