தேயும் வளர்ச்சிக் கட்டணம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சிமென்ட்டும் ஜல்லியும் கம்பியும் அவற்றைக் கடந்துதான் மேலே வந்து சேர வேண்டும். தடுப்புச்சுவர், மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய் என எதை அமைத்தாலும் சேர்வராயன் மலையில் செலவு கூடுதல்தான். விடுதிகளும் மனைப்பிரிவுகளும் பெருகும்போது இவ்வசதிகளின் தேவையும் பெருகுகிறது. அச்செலவில் ஒரு பங்கைக் கட்டட உரிமையாளரும் மனைப்பிரிவு அமைப்பவரும் ஏற்க வேண்டும் என்பதே வளர்ச்சிக் கட்டணத்தின் அடிப்படை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இக்கட்டணத்துக்கு வழிவகுத்தது. உள்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால், சதுர மீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிர்ணயிக்கப்படும் எந்தக் கட்டணமும் அடுத்த திருத்தம் வரும்வரை மதிப்பிழந்துகொண்டே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: சாலைப் பணிக்காக ரூ.20 லட்சம் பெற முடிவாகிறது. பணி தொடங்க எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கட்டுமானச் செலவு ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால், அதே பணிக்கு ஏறத்தாழ ரூ.32 லட்சம் தேவை. எஞ்சிய ரூ.12 லட்சத்தை ஊராட்சி, அதாவது மலைக்கிராம மக்கள் சுமக்க நேரிடும்.

மனைப்பிரிவுகளில் திறந்தவெளி ஒதுக்கீட்டுக்குப் பதிலாகப் பணம் செலுத்த அனுமதிக்கப்படும்போது, வழிகாட்டி மதிப்பே அளவுகோலாகிறது. இது நிலவிலையை ஓரளவு பின்தொடரும். எனினும், அதுவும் அரசின் முடிவைப் பொறுத்ததே. 2017-இல் தமிழகத்தில் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது.

இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சிகள் கட்டுமான நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்கின்றன. பங்களிப்புத் தொகையை விலைக் குறியீட்டெண்ணுடன் இணைக்கும் பிரிவு அவற்றில் இடம்பெறுவது வழக்கம். 2010 முதல் நடைமுறையில் உள்ள சமூக உள்கட்டமைப்பு வரியும் ஆண்டுதோறும் குறியீட்டெண்ணுக்கேற்ப மாறுகிறது.

நமக்கும் இம்முறை புதிதன்று. வருமான வரித் துறையின் செலவுப் பணவீக்கக் குறியீடு 2001-02-இல் 100, 2024-25-இல் 363. சொத்தை விற்பவரின் மூலதன ஆதாயத்தைக் கணக்கிடுவதில் பணவீக்கத்துக்கு இடமளித்த நாடு, ஊராட்சியின் வருவாய்க்கும் அந்நியாயத்தை வழங்கலாம்.

இதற்கு மூன்று தெளிவுகள் தேவை. முதலாவதாக, நுகர்வோர் விலைக் குறியீட்டைவிடக் கட்டுமானச் செலவுக் குறியீடே பொருத்தமானது. அரிசி விலையைக் கொண்டு தடுப்புச்சுவரின் செலவை அளக்க இயலாது. இரண்டாவதாக, கணக்கிடும் தொடக்க நாளும் இறுதி நாளும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, இது தாமதத்துக்கான அபராத வட்டி அன்று என்பது புரியவைக்கப்பட வேண்டும். குறியீடு இறங்கினால் தொகையும் இறங்கலாம். உரிய காலத்தில் செலுத்துபவருக்குச் சுமை கூடாது.

பெற்ற பணத்தை வங்கியில் உறங்கவிட்டால் குறியீட்டெண்ணாலும் பயனில்லை. வசூலித்த தொகை, செலவிட்ட பணி இரண்டையும் ஆண்டுதோறும் கிராமசபையில் வைப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.