மாப்புச்சே நில மீட்புப் போராட்டம்

சிலியின் தெற்கிலுள்ள கௌத்தீன் மாகாணத்தில் 1960களின் இறுதியில் வெடித்த மாப்புச்சே பழங்குடியினரின் போராட்டத்தை நிலச்சீர்திருத்தத்தின் கிளைக்கதையாகவே பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அது அதைவிடப் பழைய வழக்கு. 1861 முதல் 1883 வரை படையெடுத்து மாப்புச்சே நாட்டைப் பிடித்த சிலி அரசு, 1884க்கும் 1929க்கும் இடையே ஏறத்தாழ 3,000 பட்டயங்கள் கொடுத்து அம்மக்களைச் சுமார் 5 லட்சம் ஹெக்டேரில் அடைத்தது. மிச்சம் ஏலம் எடுத்தவர்களுக்கும் குடியேறிகளுக்கும் போயிற்று. பட்டயத்துக்குள் இருந்ததையும் பண்ணைக்காரர்கள் வேலியை நகர்த்தியே கரைத்தார்கள்.

எதுவார்தோ ஃப்ரெய் ஆட்சியின் 1967ஆம் ஆண்டுச் சட்டம், நல்ல பாசன நிலக் கணக்கில் 80 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளையும் சரியாகப் பயிரிடாதவற்றையும் கையகப்படுத்தியது. நிலம் எப்படிக் கைக்கு வந்தது என்று அது கேட்கவில்லை. அபகரித்த வயல் சிறு பண்ணைக்குள் இருந்தால் சட்டத்துக்கு எட்டாது. பெரும் பண்ணைக்குள் இருந்தாலும் பலன் முதலில் அங்கு குடியிருந்த வேலையாட்களுக்குத்தான். பக்கத்து மாப்புச்சே சமூகத்தார் வெளியேதான் நின்றார்கள். ஆகவே 1970இல் வேலியோட்டம் பரவியது: இரவோடிரவாகக் கம்பங்களைப் பிடுங்கி, முள்கம்பியைச் சுருட்டி, பட்டய வரைபடம் காட்டிய பழைய எல்லையில் மறுபடி நட்டார்கள்.

இது மீர் எனும் இடதுசாரிப் புரட்சி இயக்க இளைஞர்களின் தூண்டுதல் என்பார்கள். அவர்கள் களத்தில் இருந்தது மெய்; ஆனால் அதே நிலங்களுக்காகச் சமூகங்கள் பல பத்தாண்டுகள் நீதிமன்றப் படியேறியிருந்தன. வெறும் கிளர்ச்சிக்காரனுக்குப் பழைய எல்லைக்கோடு எதற்கு? ஃப்ரெய்க்குப் பின் வந்த அதிபர் அயெந்தேயின் சீர்திருத்த அரசே கோரிக்கையை ஏற்றதே, பிறகெப்படி இது தனி வழக்கு என்பது வலுவான மறுப்பு. 1971 தொடக்கத்தில் வேளாண் அமைச்சர் ஜாக் சோஞ்சோல் தம் அலுவலகத்தையே கௌத்தீனின் தலைநகரான தெமுக்கோவுக்கு மாற்றினார்; 1972இல் 17,729ஆம் எண் சட்டம் பழங்குடி நில மீட்புக்குத் தனி வழி வகுத்தது. பொதுச் சீர்திருத்தம் போதாது என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைக் கொள்ள வேண்டும். ஓராண்டில் ராணுவப் புரட்சி வந்தது. பல பண்ணைகள் பழைய உடைமையாளரிடம் திரும்பின, மானியத்தில் பைன் காடுகள் பெருகின, 1979 ஆணை சமூக நிலங்களைத் தனிப் பட்டாக்களாகத் துண்டாட வழி செய்தது. மக்களாட்சி திரும்பியபின் 1993இல் இயற்றிய சட்டம், வழக்கிலுள்ள நிலத்தை உடைமையாளரிடம் விலைக்கு வாங்கித் தர ஒரு நிதியை ஏற்படுத்தியது.