குலசையில் வேஷம் இல்லாத வருஷம்

குலசேகரன்பட்டினம்னு சொன்னா நம்ம ஆளுங்க ரெண்டு விஷயம் சொல்வாங்க. 1942-ல லோன் துரை கொல்லப்பட்ட வழக்கு, முத்தாரம்மன் தசரா. 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினதுலேர்ந்து ராக்கெட் தளமும் சேர்ந்துக்கிச்சு. நான் எழுதப்போற சரித்திரம் இது எதுலயும் வராது. அது என் சித்தி மகளோட வரவு செலவு நோட்டுல இருக்கு.

தங்கச்சி தையல்காரி. ஆடி பிறந்தா தசரா வேஷத் துணி வர ஆரம்பிக்கும். காளி, குறவன், ராஜா... (போலீஸ் வேஷம் தைக்கிறதுதான் கஷ்டமாம்!) அந்த மூணு மாச வருமானம்தான் வருஷத்துக்கே சோறு. மச்சான் கருப்பட்டி வியாபாரம். பையனுக்கு ஆட்டிசம், அப்போ ஆறு வயசு. வாரம் ஒருநாள் தூத்துக்குடிக்கு பஸ்ல போய் பேச்சுப் பயிற்சி.

2020 மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டாங்க. பஸ் நின்னுது, பயிற்சியும் நின்னுது. அதுக்கப்புறம் நோட்டுல 'பஸ்', 'டீச்சர்' வரிகளைக் காணோம். செலவு மிச்சம்னு நினைச்சா தப்பு. புதுசா 'போன் ரீசார்ஜ்' வந்திருக்கு. அவன் ஒரே ஒரு கம்பெனி பிஸ்கட்தான் தின்பான், அது கிடைக்காத நாள்ல ராத்திரி பூரா அலறல். அதுக்காகவே உடன்குடி வரைக்கும் பெட்ரோல்.

சரி, அரசாங்கம் குடுக்கலையான்னு கேப்பீங்க. மார்ச் 26-ல மத்திய அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு ரெண்டு தவணையா ஆயிரம் ரூபான்னு அறிவிச்சது. ஆனா அது ஏற்கனவே மத்திய ஊனமுற்றோர் பென்ஷன் வாங்குறவங்களுக்கு. அந்த பென்ஷனுக்கு வயசு 18-க்கு மேல இருக்கணும், 80 சதவீதம் ஊனம் இருக்கணும், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கணும். ஆறு வயசுப் பிள்ளை எங்கேர்ந்து வருவான்?

"அண்ணே, இவனுக்குப் பதினெட்டு ஆகட்டும்னு பால்காரன் காத்துக்கிட்டு இருப்பானா?"ன்னு போன்ல கேட்டா. பதில் சொல்லத் தெரியல.

ஜூன்ல தமிழக அரசு குடுத்த ஆயிரத்துக்கு வயசு வரம்பு இல்ல, அடையாள அட்டை இருந்தா போதும். இங்கதான் பழைய கதை வந்து நிக்குது. 1995 ஊனமுற்றோர் சட்டத்துல ஏழு வகைதான், ஆட்டிசம் கிடையாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல வந்துது. ஆனா 21 வகைகள்ல ஒண்ணா அதைச் சேர்த்தது 2016 சட்டம்தான், அமலுக்கு வந்தது 2017 ஏப்ரல். அதனால கொரோனா வந்தப்போ ஆட்டிசத்துக்குச் சான்றிதழ்ங்கறதே ஊர்ல பலருக்குப் புதுசு. தங்கச்சிகிட்ட டாக்டர் எழுதின சீட்டு இருந்துது, அட்டை இல்ல. "அடுத்த மாசம் போவோம்"னு தள்ளிப்போட்ட வேலை. நானும்தான் அவசரமில்லன்னு சொல்லியிருந்தேன். இப்பவும் உறுத்துது.

அந்த வருஷம் அக்டோபர்ல தசரா கொடியேற்றமும் சூரசம்ஹாரமும் பக்தர்கள் கூட்டமில்லாம நடந்துது. லட்சக்கணக்குல ஜனம் நிக்கிற கடற்கரை வெறிச்சு. சம்ஹாரமே கோயில் முன்னாடிதான். வேஷம் போட்டு ஊர் ஊரா காணிக்கை எடுக்கிறவங்க இல்ல. நோட்டுல புரட்டாசிக்கு வரவுப் பக்கம் காலி. செலவுப் பக்கத்துல 'செயின்' னு மட்டும் ஒரு வார்த்தை. அடகு வச்சதுக்கு அவ போட்ட குறிப்பு.

2021-லயும் தசராவுக்குக் கட்டுப்பாடு. அதுக்கு அடுத்த வருஷம்தான் காளி வேஷத் துணி பழையபடி குவிஞ்சுது. பையன் மறுபடி பயிற்சிக்குப் போனான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொல்லிக்கிட்டிருந்த நாலஞ்சு வார்த்தைல 'தண்ணி' மட்டும் மிச்சமிருந்துது.

அட்டை வாங்கியாச்சு. செயின் 2023 சித்திரைல திரும்பி வந்துது, நோட்டுல தேதியோட இருக்கு.